நேருவின் உரையில் நாம் மறந்த பாதி

1948ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி இரவு, காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்ட சில மணி நேரத்துக்குள், ஜவாஹர்லால் நேரு டெல்லி வானொலி நிலையத்திலிருந்து நிகழ்த்திய உரையைக் கேள்விப்படாதவர் நம்மில் குறைவு. நம் வாழ்விலிருந்து ஒளி மறைந்துவிட்டது என்று அவர் தொடங்கியதும், சற்றைக்கெல்லாம் தாம் சொன்னது தவறு என்று தாமே அதை மறுத்து, அந்த ஒளி ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் இந்நாட்டில் காணப்படும் என்று சொன்னதும் பேச்சுப் போட்டிக்கு ஆயத்தமாகும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ஆனால் அந்த உரை ஒளியோடு முடிந்துவிடவில்லை. மறுநாள் முற்பகல் பதினொன்றரை மணிக்குப் பிர்லா மாளிகையிலிருந்து இறுதி ஊர்வலம் புறப்படும் என்றும், மாலை நான்கு மணிக்கு யமுனைக் கரையில் தகனம் நடக்கும் என்றும், எல்லோரும் மாளிகை வாசலில் வந்து குவியாமல் வழிநெடுகிலும் இரு மருங்கிலும் மௌனமாக நின்று அஞ்சலி செலுத்த வேண்டும் என்றும், டெல்லிக்கு வெளியே உள்ளவர்கள் அந்த நாளை உபவாசத்திலும் பிரார்த்தனையிலும் கழித்து, தகன வேளையில் ஆற்றங்கரைக்கோ கடற்கரைக்கோ போய்ப் பிரார்த்திக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். அலங்காரம் சிறிதும் இல்லாத இந்தப் பிற்பகுதியை நாம் மறந்தே போனோம். அன்றைய இரவில் கோடிக்கணக்கான ஜனங்களின் சித்தத்தை வசப்படுத்தியது அவ்வுரையின் கவித்துவமான தொடக்கத்தைக் காட்டிலும் மறக்கப்பட்ட இந்தப் பாதிதான் என்பது என் அபிப்பிராயம்.

அந்த இரவு எப்படிப்பட்டது என்பதை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். தேசப் பிரிவினை நடந்து ஆறு மாதமும் நிறையவில்லை. பஞ்சாபிலிருந்து வீடுவாசல் இழந்து வந்த அகதிகள் டெல்லியின் முகாம்களிலும் தெருக்களிலும் குளிரில் நடுங்கிக் கிடந்தார்கள். நகரத்து முஸ்லிம்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு வேண்டி அடிகள் ஜனவரி 13 முதல் 18 வரை உண்ணாநோன்பு இருந்து, எல்லாத் தரப்புத் தலைவர்களும் எழுத்துமூலம் உறுதி அளித்த பிறகே அதை முடித்திருந்தார். 20ஆம் தேதி அவருடைய பிரார்த்தனைக் கூட்டத்தில் வெடிகுண்டு வெடித்தது. பத்து நாள் கழித்து, மாலை ஐந்தேகால் மணி சுமாருக்கு, உறவுப் பெண்களான மனுவும் ஆபாவும் இரு புறமும் தாங்கிவர, சர்தார் பட்டேலோடு பேசிக்கொண்டிருந்ததனால் தாமதமாகிவிட்டதே என்று விரைந்து பிரார்த்தனை மேடையை நோக்கி நடந்த அந்த எழுபத்தெட்டு வயது முதியவரின் மீது மூன்று குண்டுகள் பாய்ந்தன. செய்தி நகரத்தில் பரவிய வேகத்தோடு இன்னொரு கேள்வியும் பரவியது: சுட்டவன் யார், எந்த மதத்தான்? அந்தக் கேள்விக்குத் தவறான விடை ஒன்று ஒரு மணி நேரம் ஊரில் உலவியிருந்தால் அன்றிரவு எத்தனை ஆயிரம் பேர் மாண்டிருப்பார்கள் என்று எண்ணவும் நெஞ்சு அஞ்சுகிறது. கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன் பிரபு பிர்லா மாளிகைக்கு வந்து சேர்ந்தபோது கூட்டத்தில் ஒருவன், கொன்றவன் ஒரு முஸ்லிம் என்று கத்தினான் என்றும், அவன் ஒரு இந்து என்பது உனக்குத் தெரியாதா என்று பிரபு உடனே அதட்டினார் என்றும், அந்தக் கணத்தில் அவருக்கே உண்மை தெரியாது என்றும் அவருடன் இருந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வானொலியும் மரணச் செய்தியை அறிவிக்கும்போதே கொலைகாரன் இந்து என்பதைச் சேர்த்து அறிவித்தது. ஆகவே நேரு ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்தபோது, மிகப் பெரிய விபரீதம் ஒன்றைத் தடுக்கும் காரியம் பாதி நடந்திருந்தது. துக்க காலத்துப் பேச்சு முதலில் நம்பப்பட வேண்டும். நம்பப்படுவதற்கு, அதற்கு முன்னே உண்மை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இனியவை கூறலை இல்லறவியலில் வைத்த வள்ளுவர் சொல்வன்மையை அமைச்சியலில் வைத்தார். பேசத் தெரிவது ஆளத் தெரிவதன் ஒரு பகுதி என்பது அந்த வைப்பு முறையிலேயே விளங்குகிறது. நாம் அதைப் பெரும்பாலும் மேடைக் கலையாக மட்டுமே கருதிப் பழகிவிட்டோம். அடுக்குமொழிக்கும் குரல் ஏற்றத்துக்கும் கைதட்டிப் பழகிய நம் காதுகளுக்கு, ஊர்வலம் புறப்படும் நேரத்தைச் சொல்லும் ஒரு வாக்கியத்தில் சொல்வன்மை இருக்கிறது என்பது எளிதில் தோன்றுவதில்லை.

வானொலி நிலையத்துக்குப் போவதற்கு முன் நேரு பிர்லா மாளிகையின் வாசற்கதவின் மேல் ஏறி நின்று, வெளியே திரண்டிருந்த கூட்டத்துக்கு அடிகளின் மரணத்தைத் தம் வாயாலேயே அறிவித்தார். அன்று டெல்லியில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸோன் அந்தக் காட்சியைப் படம் பிடித்திருக்கிறார். மங்கிய தெரு விளக்கின் வெளிச்சத்தில் உருவங்கள் கலங்கித் தெரியும் படம் அது. பின்னால் இருளும் முன்னால் தலைகளும் நெருக்க, நடுவே ஒரு மனிதர் உயரத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். பிரதம மந்திரி என்ற ஸ்தானத்துக்குரிய எந்த அடையாளமும் அதில் இல்லை. தந்தையை இழந்து வாசலுக்கு வந்து ஊராருக்குச் செய்தி சொல்லும் மகனின் நிலையில்தான் அவர் நிற்கிறார்.

அதே நிலையில் நின்றுதான் வானொலியிலும் பேசினார். முன்கூட்டி எழுதிவைத்த தாள் அவரிடம் இல்லை. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஆலோசனை கேட்கவும் ஆறுதல் தேடவும் இனி நாம் அவரிடம் ஓடிப் போக முடியாது என்றார். ஒரு பெரிய ராஜ்யத்தின் தலைவர், தாம் இதுவரை ஒருவரிடம் ஓடிப் போய்க்கொண்டிருந்ததை நாடறியச் சொல்லி, அந்த ஆதரவை இழந்துவிட்டேன் என்று ஒப்புக்கொள்வது அரசியல் வழக்கத்துக்கு எத்தனை மாறானது என்பதை எண்ணிப் பாருங்கள். தலைவர்கள் இத்தகைய வேளைகளில் தங்கள் உறுதியை வெளிக்காட்டவே முந்துவார்கள். நேரு தம் பலவீனத்தை முன்வைத்தார். கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவரும் அதே பலவீனத்தில் இருந்தார்கள். ஆகையால் அவருக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த தூரம் அந்த முதல் நிமிஷத்திலேயே இல்லாமல் போயிற்று. அதன் பிறகு அவர் இட்ட கட்டளை எதுவும் மேலிருந்து வந்ததாக யாருக்கும் தோன்றியிருக்காது.

அடுத்து அவர் கொலைகாரனைப் பற்றிச் சொன்னது மிகுந்த கவனத்தோடு எண்ணிப் பார்க்கத்தக்கது. பைத்தியக்காரன் ஒருவன் செய்துவிட்டான், அவனை அப்படித்தான் அழைக்க முடியும் என்றார். உடனேயே, சில ஆண்டுகளாகவும் மாதங்களாகவும் இந்நாட்டில் விஷம் பரப்பப்பட்டு வந்திருக்கிறது, அது ஜனங்களின் மனத்தைக் கெடுத்திருக்கிறது, அதை வேரோடு களைய வேண்டும் என்றார். முதல் வாக்கியம் கொலைகாரனைத் தனியனாக்கி, அவன் பிறந்த சாதியின் மீதோ ஊரின் மீதோ யாரும் பாய்ந்துவிடாதபடி தடுக்கிறது. இரண்டாவது வாக்கியம், அவன் தனியன் அல்லன், அவனை உண்டாக்கியது ஒரு துவேஷப் பிரசாரம் என்று குற்றத்தின் மூலத்தைச் சுட்டிக்காட்டுகிறது. இந்த இரண்டில் முதலாவதை நான் முழுவதும் ஏற்பதற்கில்லை. நாதுராம் கோட்சே பித்துப் பிடித்தவன் அல்லன் என்பதும், கூட்டாளிகளோடு திட்டமிட்டு வந்தவன் என்பதும் செங்கோட்டையில் நடந்த விசாரணையில் வெளிப்பட்டன. நீதிமன்றத்தில் அவன் படித்த நீண்ட வாக்குமூலத்தில் கொடிய கொள்கை இருந்ததே தவிர, புத்தித் தடுமாற்றம் இல்லை. அரசியல் கொலையைச் சித்தப் பிரமை என்று சொல்லிவிட்டால் அந்த அரசியல் தப்பித்துக்கொள்கிறது. ஆனால் நேரு அதைத் தப்பவிடவில்லை என்பதற்கு அந்த இரண்டாவது வாக்கியமே சாட்சி. ஐந்தாம் நாள், பிப்ரவரி 4 அன்று, ராஷ்டிரிய சுயம்சேவக சங்கத்தை அரசு தடை செய்தது என்பதும் அதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

பிறகு வந்தது உரையின் நடுநாயகமான வேண்டுகோள். கோபம் வந்துவிட்டது என்பதற்காக நம்மில் யாரும் தகாதபடி நடந்துவிடக் கூடாது. அவருடைய ஆன்மா நம்மைப் பார்த்துக்கொண்டிருக்குமானால், அப்படிப் பார்ப்பதாகவே நான் நம்புகிறேன், நாம் செய்யும் சிறுமையும் வன்முறையும் போல அதை வருத்தக்கூடியது வேறொன்றும் இராது என்றார். இதைச் சொன்னவர் யார்? சடங்குகளில் பற்றில்லாதவர், தமக்கு எந்த மதச் சடங்கும் செய்யக் கூடாது என்று பின்னாளில் தம் உயிலில் எழுதிவைத்தவர். அத்தகையவர் அன்று ஆன்மாவைப் பற்றிப் பேசினார்; உபவாசத்தையும் பிரார்த்தனையையும் தேசத்துக்கு விதித்தார். இதை நடிப்பு என்று நான் கருதவில்லை. தம் சொந்த நம்பிக்கையின் எல்லைக்குள் நின்று பேசினால் அந்த ஜனங்களின் உள்ளத்தைத் தொட முடியாது என்பதை உணர்ந்து, அவர்களுடைய நம்பிக்கை நிற்கும் இடத்துக்குத் தாம் நடந்து வந்தார். வந்த பிறகும் தம்முடையதை விட்டுவிடவில்லை: அவர் எந்தச் சத்தியத்துக்காக வாழ்ந்து மடிந்தாரோ அதற்கு நம்மை ஒப்படைப்பதே எல்லாப் பிரார்த்தனையிலும் பெரிது என்று சொல்லியே முடித்தார்.

இனி நான் முதலில் குறிப்பிட்ட பகுதிக்கு வருகிறேன். நம் ஊர்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், கதறி அழுகிறவர்களுக்கு நடுவே பெரியவர் ஒருவர் எழுந்து, நீ மூங்கிலுக்குப் போ, நீ வெளியூருக்குச் செய்தி சொல், நீ பந்தலைப் பார், நீ வெட்டியானிடம் சொல்லிவிட்டு வா என்று ஆளுக்கொரு காரியம் பிரித்துக் கொடுப்பார். அவர் அழாதவர் அல்லர். ஆனால் அவர் கொடுத்த வேலையைக் கையில் வாங்கிக்கொண்டவன் சற்று நேரத்துக்கு நிலைகொள்கிறான். துக்கத்தில் மனிதனுக்கு முதலில் வேண்டியது ஆறுதல் மொழி அன்று. தன் கைக்கும் காலுக்கும் ஒரு வேலை. அதைக் கொடுக்காவிட்டால் அந்தக் கையும் காலும் தாமாகவே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். கூட்டமாக இருக்கும்போது அது தேடிக்கொள்ளும் வேலை பெரும்பாலும் கல்லெறிவதும் தீ வைப்பதுமே. நேரு அந்தப் பெரியவரின் காரியத்தைச் செய்தார். உடலைப் பதப்படுத்திச் சில நாள் வைத்திருக்கலாம் என்று நண்பர்கள் சொன்னதையும், அடிகள் அதை அடியோடு விரும்பாதவர் என்பதால் அவ்வாறு செய்யப்போவதில்லை என்று முடிவு செய்ததையும் மறைக்காமல் சொன்னார். தகனம் நாளையே என்று தெரிந்தபின், தொலைவில் இருந்தவர்கள் டெல்லிக்குப் புறப்பட்டு ரயில்களில் முட்டி மோதுவதற்கு இடமில்லாமல் போயிற்று. அவர்களுக்கு அவரவர் ஊரிலேயே ஒரு காரியம் கிடைத்தது.

அது எத்தகைய காரியம் என்று பாருங்கள். ஆற்றுக்கோ கடலுக்கோ போகச் சொன்னார். ஆறில்லாத பிரதேசமும் கடலில்லாத பிரதேசமும் உண்டு, இரண்டில் ஒன்றேனும் எட்டாத இடம் குறைவு. நீத்தாருக்கு நீர்த்துறையில் கடன் கழிப்பது இந்நாட்டின் எல்லா மூலைகளிலும் ஜனங்கள் அறிந்த வழக்கம். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. சுதந்திரம் வந்தபோது இந்தியாவுக்கு இருந்த வானொலி நிலையங்கள் ஆறே. அவற்றில் சென்னையும் திருச்சியும் இரண்டு. சென்னையில் கேட்டவனுக்குக் கடல் இருந்தது, திருச்சியில் கேட்டவனுக்குக் காவிரி இருந்தது, மதுரையில் செய்தித்தாளில் படித்தவனுக்கு வைகை இருந்தது. மாலை நான்கு மணிக்கு டெல்லியில் சிதை மூட்டப்படும் அதே வேளையில் தானும் நீர்க்கரையில் நிற்கிறோம் என்ற எண்ணம், ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பால் இருந்தவனையும் அந்த ஊர்வலத்தில் ஒருவனாக்கியது. பிப்ரவரி 12ஆம் தேதி அஸ்தி பிரயாகையில் கரைக்கப்பட்டபோது கன்னியாகுமரிக் கடலிலும் ஒரு பகுதி கரைக்கப்பட்டது. பின்னர் அவ்விடத்தில் மண்டபம் எழும்பியது. நேரு அன்றிரவு வாயால் சொன்ன அந்தப் பங்கீட்டை அரசு செயலிலும் தொடர்ந்தது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

நேரு பேசி முடித்ததும் பட்டேல் பேசினார். இருவருக்கும் இடையே கருத்து வேற்றுமை முற்றியிருந்தது நாடறிந்த செய்தி. அடிகள் தம் கடைசி மாலையில் பட்டேலோடு பேசிக்கொண்டிருந்ததும் அதைப் பற்றித்தான். அன்று பிற்பகல் அவரைச் சந்தித்துப் பேசிவிட்டு வந்ததைப் பட்டேல் சொல்லி, இது துயரமும் வெட்கமும் நிறைந்த நாள் என்றார். பழிவாங்கும் எண்ணம் கூடாது என்று வேண்டினார். சிறு பூசல்களெல்லாம் இந்தப் பேரிடரின் முன் ஒழிய வேண்டும் என்று நேரு ஜனங்களைக் கேட்டுக்கொண்டதற்கு, அடுத்த சில நிமிஷங்களில் அதே நிலையத்திலிருந்து ஒலித்த பட்டேலின் குரல் நிரூபணமாக அமைந்தது. சொல்லுக்கு இதைவிட நல்ல பக்கபலம் வேறென்ன வேண்டும்?

இவ்வளவு சொன்னதனால் அந்த உரை எங்கும் வென்றது என்று நான் சொல்வதாகக் கொள்ளலாகாது. கோட்சே மராட்டியப் பிராமணன் என்று தெரிந்ததும் புனாவிலும் சாத்தாராவிலும் கோலாப்பூரிலும் சாங்கிலியிலும் பிராமணர் வீடுகள் எரிக்கப்பட்டன; குற்றமற்ற குடும்பங்கள் ஊரைவிட்டு ஓடின; உயிர்களும் போயின. முஸ்லிம்களின் மீது பாய்ந்திருக்கக்கூடிய வெறியை நேருவின் வார்த்தைகள் தடுத்தன. இந்த வெறியை அவை தடுக்கவில்லை. பிராமணரல்லாதார் இயக்கம் ஆழமாக வேரூன்றியிருந்த நம் சென்னை மாகாணத்தில் அத்தகைய கலவரம் மூளவில்லை என்பதை இங்கே நன்றியோடு நினைக்கிறேன். காந்தியடிகளை வாழ்நாளில் கடுமையாக எதிர்த்து வந்த பெரியார், இந்நாட்டுக்கே காந்தி தேசம் என்று பெயரிடலாம் என்று அந்த நாட்களில் யோசனை சொன்னார். ஆகவே, பிரதம மந்திரியின் உரை எட்டுவது ஓர் அளவுக்கு. அதற்கு அப்பால் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஜனங்களின் செவிக்கு உரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதும், அங்குள்ள போலீஸ் எங்கே நிற்கிறது என்பதும் மிச்சத்தைத் தீர்மானிக்கின்றன.

மூன்றாம் நாள், பிப்ரவரி 2 அன்று, நேரு அரசியல் நிர்ணய சபையில் மறுபடியும் பேசினார். இந்தியன் ஒருவன் இதைச் செய்தான் என்று இந்தியன் என்ற முறையிலும், இந்து ஒருவன் செய்தான் என்று இந்து என்ற முறையிலும் வெட்கப்படுவதாகச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை. நம்மிடமிருந்த மாபெரும் செல்வத்தைக் காக்கத் தவறிவிட்டோமே என்று அரசின் தலைவர் என்ற முறையிலும் வெட்கப்படுவதாகச் சொன்னார். 20ஆம் தேதி வெடிகுண்டு வெடித்து, ஒருவன் பிடிபட்டு, பத்து நாள் அவகாசம் இருந்தும் சதிகாரர்களைப் பிடிக்க முடியாமல் போனது எத்தகைய அஜாக்கிரதை என்பதைப் பின்னர் கபூர் கமிஷன் விரிவாக ஆராய்ந்தது. அந்த ஆராய்ச்சி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, எவரும் குற்றம் சாட்டி நெருக்குவதற்கு முன்பே, பொறுப்பு தம்முடையது என்று அவர் சபையில் ஏற்றார்.

இதே நாட்டில் இதே போன்ற இன்னொரு நாள் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து வந்தது. 1984ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் தேதி காலை இந்திரா காந்தி தம் மெய்க்காவலர் இருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார், இருவரும் சீக்கியர். அன்று மாலையே பதவி ஏற்ற ராஜீவ் காந்தி, நாட்டுக்கு ஆற்றிய உரையில் அமைதி காக்கும்படி வேண்டினார். நாட்டில் எங்கேனும் வன்முறை நடக்குமானால் இந்திராவின் ஆன்மாவை அதைவிட வருத்தக்கூடியது வேறில்லை என்றார். படித்துப் பாருங்கள்: பாட்டனார் 1948இல் சொன்னதும் பேரன் 1984இல் சொன்னதும் கருத்தில் ஒன்றே. ஆனால் அடுத்த மூன்று நாளில் திரிலோக்புரியிலும் மங்கோல்புரியிலும் சுல்தான்புரியிலும் சீக்கிய ஆடவர்கள் வீட்டிலிருந்து இழுத்து வரப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அரசின் சொந்தக் கணக்குப்படியே டெல்லியில் மட்டும் மாண்டவர்கள் 2,733 பேர். சொல் ஒன்றாக இருக்க, விளைவு ஏன் இப்படி மாறியது?

சொல்லைச் சுற்றியிருந்த எல்லாம் மாறியிருந்தன என்பதே விடை. 1948இல் வானொலி தன் முதல் அறிவிப்பிலேயே வதந்தியின் வாயை அடைத்தது; 1984இல் தீன்மூர்த்தி மாளிகையில் அஞ்சலி செலுத்த வந்தவர்கள் எழுப்பிய, இரத்தத்துக்கு இரத்தம் என்ற முழக்கம் தூர்தர்ஷன் வழியே வீடுதோறும் ஒலித்தது. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சீக்கியர் வீடுகளை அடையாளம் காட்டியவர்கள் இருந்தார்கள். ஆளும் கட்சியைச் சேர்ந்தவர்கள் கும்பல்களை நடத்தினார்கள் என்று சாட்சியங்கள் விசாரணைக் கமிஷன்களின் முன் குவிந்தன. போலீஸார் பல இடங்களில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ராணுவம் முழு வீச்சில் தெருவில் இறங்குவதற்கு நவம்பர் 3ஆம் தேதி ஆயிற்று. அமைதி வேண்டும் என்று மேலே சொல்லப்பட்டதற்கும் கீழே அதிகாரம் நடந்துகொண்டதற்கும் சம்பந்தமே இல்லாதபோது, ஜனங்கள் சொல்லை விட்டுவிட்டு அதிகாரத்தின் நடத்தையையே உண்மையான கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள். கும்பல் எப்போதும் அப்படித்தான் படிக்கும்; தான் தடுக்கப்படவில்லை என்பதையே அனுமதி என்று அது புரிந்துகொள்ளும்.

அதற்கும் மேலாக, நவம்பர் 19ஆம் தேதி, இந்திராவின் பிறந்த நாளன்று, டெல்லி படகுக் குழாம் மைதானத்தில் பேசிய ராஜீவ் காந்தி, பெரிய மரம் ஒன்று சாயும்போது அதைச் சுற்றியுள்ள நிலம் சற்று அதிரவே செய்யும் என்ற பொருள்படச் சொன்னார். தாயை இழந்து மூன்று வாரமே ஆன மகனின் வேதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அந்த ஒரு வாக்கியம், அக்டோபர் 31ஆம் தேதி அவர் விடுத்த வேண்டுகோளைப் பின்னோக்கிச் சென்று அழித்துவிட்டது. கொலைகள் யாரும் செய்யாமல் தாமே நிகழ்ந்த இயற்கைச் சம்பவமாக அதில் மாறிவிட்டன. செய்தவனும் இல்லை, தடுத்திருக்க வேண்டியவனும் இல்லை. அடுத்த மாதம் நடந்த தேர்தலில் அவருடைய கட்சி நானூறுக்கும் மேற்பட்ட இடங்களைப் பிடித்தது. துக்கத்தின் பெயரால் மக்களை இசைவிப்பது எத்தனை எளிது என்பதற்கு அந்த எண்ணிக்கையும் ஒரு சான்று. நாடாளுமன்றத்தில் ஒரு பிரதம மந்திரி இந்தப் படுகொலைக்காக வெட்கித் தலைகுனிந்து மன்னிப்புக் கோருவதற்கு 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வரவேண்டியிருந்தது. கோரியவர் தாமே ஒரு சீக்கியரான மன்மோகன் சிங். 1948இல் மூன்றாம் நாள் சபையில் ஒலித்த வெட்கம், 1984க்குப் பிறகு ஒலிப்பதற்கு இருபத்தோரு ஆண்டுகள் ஆயின.

நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை அன்று இது. 2001 செப்டம்பர் 11ஆம் தேதித் தாக்குதலுக்குப் பின் அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ், ஆறாம் நாள் வாஷிங்டனில் உள்ள பள்ளிவாசலுக்கே சென்று இஸ்லாம் சமாதான மார்க்கம் என்று சொன்னார். அது போற்றத்தக்க செயல். ஆனால் மூன்று நாள் கழித்து, உலக நாடுகள் எங்களோடு இருக்கின்றனவா பயங்கரவாதிகளோடு இருக்கின்றனவா என்று இரண்டே வழிகளை வைத்தார். பத்தில் ஒன்பது அமெரிக்கர்கள் அப்போது அவரை ஆதரித்தார்கள். அந்த ஆதரவின் பலத்தில் 2003இல் ஈராக்கின் மீது படையெடுக்க முடிந்தது. செப்டம்பர் தாக்குதலில் ஈராக்குக்குப் பங்கு இருந்ததாகச் சான்று கிடைக்காதபோதிலும், சதாமுக்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்று அந்த ஆண்டில் பத்துக்கு ஏழு அமெரிக்கர்கள் நம்பினார்கள். துக்கத்தில் திறந்துகொண்ட மனத்துக்குள் எதையும் நுழைத்துவிடலாம் என்பதற்கு இதைவிடப் பயங்கரமான உதாரணம் அண்மைக் காலத்தில் இல்லை.

ஆகவே வாசகர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இனி இந்நாட்டில் ஏதேனும் ஒரு பேரிடர் நேர்ந்து, தலைவர் ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றிப் பேசும்போது, அவர் குரல் தழுதழுத்ததா, உவமை அழகாக இருந்ததா என்று பார்த்துக்கொண்டிராதீர்கள். நம்மை என்ன செய்யச் சொல்கிறார் என்று கேளுங்கள். அதைச் செய்தால் நம் பக்கத்து வீட்டுக்காரன் அன்றிரவு அச்சமின்றித் தூங்குவானா என்று கேளுங்கள். தம் அரசின் பிழை என்று ஒரு வார்த்தையேனும் சொன்னாரா என்று கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 30 முற்பகல் பதினொரு மணிக்கு அரசு அலுவலகங்களில் இரண்டு நிமிஷம் மௌனம் அனுஷ்டிக்கிறார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் நேருவின் அந்த உரையை ஒளியைப் பற்றிய வாக்கியங்களோடு நிறுத்திவிடாமல், ஊர்வலம் புறப்படும் நேரமும், நிற்க வேண்டிய இடமும், கடற்கரைக்குப் போகச் சொன்னதும் வரையில், முழுவதையும் தமிழில் படித்துக் காட்டும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பத்து நிமிஷத்துக்குள் படித்து முடித்துவிடலாம்.